ஒரே கடையில் வாங்கிய இரண்டு ஜோடி

செப்டம்பர் 1, ஞாயிறு

காலை 5.40க்கு அடிவாரம். 8.25க்கு உச்சி. எனக்குப் பின்னால் பதினெட்டு நிமிடம் கழித்துத்தான் கோட்டைச்சாமி வந்து சேர்ந்தான். இதை எழுதும்போதே கை துள்ளுகிறது.

பதினோரு வருடமாக ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் கூகைமலை ஏறுகிறோம். ஜெயக்கொடியின் தங்கை மல்லிகாவைக் கட்டியவன் அவன். எனக்குச் சகலை. மின்சார வாரியத்தில் கம்பம் கம்பமாக ஏறி முறுக்கேறிய உடம்பு அவனுக்கு. நானோ பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக முப்பது வருடம் நாற்காலியைத் தேய்த்தவன். இத்தனை வருடமும் அவன்தான் முதலில் போய்ப் பாறையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, நான் நாக்குத் தள்ள வருவதைப் பார்த்து, "என்ன சகல, வண்டி லேட்டா?" என்பான். வருகிறவன் போகிறவனெல்லாம் சிரிப்பான்.

இன்று நான் கேட்டேன், அதே வார்த்தையை, அதே ராகத்தில்.

"கால்ல முள்ளுய்யா," என்றான். சிரிக்கவில்லை. தோற்றவனுக்குச் சிரிப்பு வராது. எனக்கும் வந்ததில்லை.

இறங்கும்போது என் வலது ஷூ வாயைப் பிளந்துகொண்டது. அவனுடையது போன மாதமே பிளந்தாயிற்று. ஆறு வருடத்துக்கு முன்னால் திண்டுக்கல்லில் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியவை. இருவருக்கும் எட்டாம் நம்பர். அதே மண் நிறம். தாங்கள் ஒரே பீஸில் சேலை எடுப்பது போல என்று மல்லிகாவும் ஜெயக்கொடியும் கடைக்காரர் முன்னாலேயே எங்களைக் கேலி செய்தார்கள்.

செப்டம்பர் 4, புதன்

ரப்பர் பசை, பழைய சைக்கிள் ட்யூப் ஒரு முழம், பச்சை நைலான் கயிறு. கோட்டைச்சாமியை அவன் ஷூவோடு வரச் சொல்லி, இரண்டு ஜோடிக்கும் கொல்லையில் உட்கார்ந்து வைத்தியம் பார்த்தேன். அடிக்குப் பசை, குதிகாலுக்குக் கறுப்பு ஒட்டு, இற்றுப்போன நாடாவுக்குப் பதில் பச்சைக் கயிறு. வரிசையாக வெயிலில் வைத்தபோது எது யாருடையது என்று எங்களுக்கே குழப்பமாக இருந்தது.

ஜெயக்கொடி எட்டிப் பார்த்தாள். "குப்பைல போடுறதுக்கு எதுக்கு இம்புட்டு சிங்காரம்?" என்றாள்.

செப்டம்பர் 19, வியாழன்

மிளகாய் அரைக்கப் போனேன். கரண்ட் இல்லை. திரும்பி வந்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

இருபத்தாறு நிமிடம்! இரண்டாவது மாதமாக நானே முதல்.

ஒன்று மட்டும் எரிச்சல். வழி நெடுக என் பின்னால் சரக், சரக் என்று சத்தம். கல்லில் காலைத் தேய்த்துக்கொண்டே வருகிறான். "காலத் தூக்கி வைய்யா, புது மாப்பிள்ள மாதிரி இழுக்காத," என்றேன். "உன் காத மூடிக்கிட்டு நட," என்றான். ஓய்வு பெற்றவுடன் மனிதனுக்குச் சோம்பல் வந்துவிடுகிறது. அவன் மூன்று வேளையும் சோறு தின்கிறான். நான் ராத்திரி சப்பாத்தி. வித்தியாசம் தெரியத்தானே செய்யும்.

கன்னிமார் சுனையில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். அதற்கு மேல் அரை மணி நேரம் வெறுங்கால்தான். யாராக இருந்தாலும் அதுதான் வழக்கம். கழற்றும்போது பார்த்தேன், அவனுடைய இடது காலில் இரண்டாவது விரல் நகம் உடைந்து ரத்தம் கட்டியிருந்தது. பெருவிரலைவிட நீளமான விரல் அது. அப்படி விரல் இருந்தால் வீட்டில் அதிகாரம் செய்வார்கள் என்பார்கள். "எங்க வீட்டுல அந்த விரல் மட்டும்தான் அவருக்கு நீளம்," என்று மல்லிகா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அதை நினைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளிப் பலகாரம் வயிற்றில் கிடக்க மலை ஏறுவது தண்டனை. முப்பத்து மூன்று நிமிடம் காத்திருந்தேன். குளிரத் தொடங்கிவிட்டது.

இறங்கும்போது கோட்டைச்சாமி விழுந்தான். சமதளத்தில். கல்லும் இல்லை, வேரும் இல்லை. உள்ளங்கை இரண்டும் சிராய்த்துவிட்டன. தூக்கிவிடப் போன என் கையைத் தட்டிவிட்டான்.

"இந்தச் சனியன் புடிச்ச ஷூதான். ரெண்டு பேரும் இதத் தூக்கிப் போட்டுருவோம் சகல. போதும்."

"எதுக்கு? இன்னும் ரெண்டு வருசம் வரும்."

"வராது."

முகத்தில் அப்படி ஒரு களைப்பு. தோல்வியைத் தாங்க முடியவில்லை, பழியை ஷூவின் மேல் போடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். நானாக எதற்குத் தூக்கிப் போட வேண்டும்? இந்த ஷூவோடுதான் நான் ஜெயிக்கவே தொடங்கியிருக்கிறேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

மழை. மலைக்குப் போகவில்லை. கோட்டைச்சாமி போன் செய்து, "நல்லதாப் போச்சு," என்றான்.

ஜனவரி 5, ஞாயிறு

உரக்கடை கொடுத்த புது டைரி. தாள் மட்டமாக இருக்கிறது. மை ஊறுகிறது.

பனி மூட்டம். பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. நாற்பத்தோரு நிமிடம். இனி எண்ணுவதில் சுவாரசியம் இல்லை. நான் உச்சிக்குப் போய்க் கும்பிட்டு, தேங்காய்ச் சில்லைத் தின்றும் முடித்த பிறகுதான் அவன் வந்து சேர்ந்தான்.

திரும்பிச் சுனைக்கு வந்தால் குரங்குக் கூட்டம் செருப்புகளையெல்லாம் இழுத்துப் போட்டு விளையாடியிருக்கிறது. ஒன்று மரத்தின் மேல், ஒன்று தண்ணீரில். பனியில் ஆளாளுக்குத் தேடி, கிடைத்ததை மாட்டிக்கொண்டு இறங்கினோம். எனக்கு ஷூ விரல் பக்கம் இறுக்கிப் பிடித்தது. ஈரத்தில் சுருங்கியிருக்கும். வீட்டுக்கு வந்து கழற்றியபோதுதான் ஆசுவாசம்.

ஜனவரி 8, புதன்

ஷூ காய்ந்ததும் எடுத்துப் பார்த்தால் இடது மூக்கில் ஓட்டை. உள்ளே இருக்கும் துணி தெரிகிறது. இதை நான் எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் அருளப்பனிடம் கொண்டுபோனேன். செருப்புத் தைப்பவர். என் டிப்போ நாட்களிலிருந்து பழக்கம்.

அவர் ஓட்டையைப் பார்க்கவில்லை. இரண்டு ஷூவையும் கவிழ்த்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"அய்யா, தப்பா நெனைக்காதீங்க. வலது நல்லாத் தேஞ்சிருக்கு, மத்தவுகளுக்குத் தேயிற மாதிரி. இடதுல மூக்கு மட்டும் போயிருக்கு. இப்படித் தேயணும்னா கால் முன்பக்கம் தூக்கலனு அர்த்தம். தொங்குது. நாலஞ்சு மாசமா இருக்கும்."

"எனக்கா?"

"எங்க மாமனாருக்கு இப்படித்தான் தேஞ்சுச்சு. நாங்க செருப்ப மாத்திக்கிட்டே இருந்தோம். கடைசில நரம்புன்னாங்க. நீங்க ஒரு எட்டு பெரிய டாக்டரப் பாத்துருங்கய்யா."

ஷூவைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தைக்கச் சொன்னால் தைக்க வேண்டியதுதானே. வைத்தியம் யார் கேட்டது?

ஜனவரி 9, வியாழன்

தூக்கம் பிடிக்கவில்லை. குளித்துவிட்டு ஈரக்காலோடு சிமெண்ட் தரையில் நடந்து தடத்தைப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. இரண்டாம் முறை நடந்தபோது இடது தடம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. மூன்றாம் முறை வலது.

"துடைச்ச வீட்டுல என்ன கோலம் போட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் ஜெயக்கொடி. துணியை எடுத்துத் தடத்தைத் துடைத்தேன்.

ஜனவரி 11, சனி

நடப்பதே மறந்துவிடும் போலிருக்கிறது. ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்கிறேன். யோசித்து வைத்தால் எந்தக் காலும் நொண்டத்தான் செய்யும்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். படுக்கையில் விழுந்தால் ஜெயக்கொடியால் என்னைத் தூக்க முடியாது. பையன் பெங்களூரில். கூகைமலையை இனி அடிவாரத்தில் நின்று அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். கோட்டைச்சாமியிடம் சொன்னால் என்ன சொல்வான்? கேலி செய்ய மாட்டான். அது இன்னும் மோசம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கோட்டைச்சாமியும் மல்லிகாவும் வரவில்லை. வழக்கமாக வருவார்கள். அவனுக்கு இடுப்பு வலியாம். நல்லவேளை என்று இருந்தது. யார் முன்னாலும் நடக்கப் பிடிக்கவில்லை.

ஜனவரி 18, சனி

யாருக்கும் சொல்லாமல் திண்டுக்கல் போனேன். டாக்டர் சுத்தியலால் முட்டியில் தட்டினார். குதிகாலில் நடக்கச் சொன்னார், நுனிக்காலில் நடக்கச் சொன்னார். பாதத்தைப் பிடித்துக்கொண்டு, மேலே தூக்குங்கள் என்றார். தூக்கினேன்.

"உங்க கால் நல்லாருக்கு. யார் சொன்னது?"

செருப்புத் தைக்கிறவர் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. "அவங்க சொல்றது பல சமயம் சரியாத்தான் இருக்கும்," என்றார். "ஆனா உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

பஸ் நிலையத்தில் இரண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட். பத்து நாளாகச் சோறே இறங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. திங்கட்கிழமை அருளப்பனைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

ஜனவரி 20, திங்கள்

கேட்டேன், சத்தமாகவே. டீக்கடையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அருளப்பன் இடது ஷூவுக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த மெத்தைத் தாளை உருவி வெளியே போட்டார். ஆறு வருடம் மிதித்து மிதித்து விரல் தடம் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருந்தது.

"கால இது மேல வைங்கய்யா."

வைத்தேன். என் பெருவிரல் பள்ளத்தைத் தாண்டி வெளியே நின்றது. இரண்டாவது விரலுக்கு முன்னால் காலி இடம் கிடந்தது.

"உங்களுக்குப் பெருவிரல் நீளம். இந்தக் காலுக்குப் பக்கத்து விரல் நீளம். இது உங்க ஷூவே இல்லங்கய்யா. யாரோடது?"

ஜனவரி 21, செவ்வாய்

போன் செய்ய எடுத்தேன். வைத்துவிட்டேன். நாலு தடவை.

ஜனவரி 22, புதன்

நிலக்கோட்டைக்குப் போனேன். கோட்டைச்சாமி வீட்டு வாசலில், படிக்குக் கீழே, பச்சைக் கயிறு கட்டிய ஷூ. என்னுடையது. குனிந்து இடது ஷூவைத் திருப்பினேன். பதினேழு நாள்தான் ஆகிறது. அதற்குள் மூக்கு நரைத்து, விளிம்பில் நூல் கிளம்பத் தொடங்கியிருந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். என் காலுக்கு ஒன்றுமில்லை என்று பரோட்டா தின்றவன் நான்.

மல்லிகா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அவன் உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவன் ஷூவை வைத்து நான் கொண்டுபோன பையைப் பார்த்தான்.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"உனக்குத் தெரியுமா?"

"மலை இறங்கி பஸ்ல உக்காந்தப்பவே தெரியும். உன்னது எனக்கு லொடலொடன்னு இருந்துச்சு."

"ஏன்யா சொல்லல?"

அவன் என் பக்கத்தில் உட்கார முயன்றான். இடது பாதம் தரையில் பட்டென்று விழுந்தது. இரண்டு கையாலும் தொடையைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"மல்லிகா அந்த ஓட்டையப் பாத்துட்டா. இது ஏன் இப்படித் தேயுதுன்னு மலைக்கு வர்றதுக்கு முந்தி ரெண்டு நாளா ஒரே கேள்வி. உன்னது வந்ததும் கேக்கல. சரி, கொஞ்ச நாளைக்கு ஓடட்டும்னு விட்டுட்டேன்." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "உன் ஷூவப் போட்டாலாவது உன்னைய மாதிரி நடப்பேனான்னு ஒரு நப்பாசை," என்றான்.

எனக்கு அழுகை வந்தது. அவனுக்கு எதிரில் அழுதது அதுதான் முதல் தடவை.

"நாளைக்கே மதுரைக்குப் போவோம்."

"தை இருபத்தெட்டு பேரனுக்குக் காதுகுத்து. சீர்த்தட்டத் தூக்கிக்கிட்டு கோயில் வரைக்கும் முன்னால நான் நடக்கணும். ஒரே பேரன்யா. அது முடியட்டும். நீ என் கையில அடிச்சுச் சொல்லு, யார்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேன்னு."

தை இருபத்தெட்டு என்றால் பிப்ரவரி பத்து. இன்னும் பத்தொன்பது நாள். அடித்துச் சொன்னேன்.

ஷூவை மாற்றிக்கொள்ளவில்லை. பையோடு திரும்பி வந்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது. மாடித் தொட்டி கழுவினேன். பத்தொன்பதில் இரண்டு போயிற்று.

ஜனவரி 25, சனி

தொட்டி கழுவிய உடம்பு வலி. மத்தியானம் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஜெயக்கொடி விசிறியைக் கீழே வைத்துவிட்டு, "என்னன்னு சொல்லுங்க. இல்ல நான் எந்திரிக்க மாட்டேன்," என்றாள்.

சொல்லிவிட்டேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை, தங்கைக்குப் போன் போய்விட்டது. இவளிடம் சொன்னால் அங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன். அதை அவள் தலையில் கட்டப் போவதில்லை.

சாயங்காலம் கோட்டைச்சாமி போன் செய்தான். "கையில அடிச்சியேய்யா," என்றான். அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

ஜனவரி 29, புதன்

மதுரை. காலை ஸ்கேன், மாலை டாக்டர். நாங்கள் நாலு பேரும். வழியில் கோட்டைச்சாமி என்னோடு பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்து வந்தான்.

இடுப்பில் தண்டுவட நரம்பு நசுங்கியிருக்கிறது. காலைத் தூக்கும் நரம்பு அது. டாக்டர் சின்ன வயசுக்காரர், நிதானமாகப் பேசினார். "எப்ப ஆரம்பிச்சது? சரியான தேதி எனக்கு வேணும். அதை வச்சுத்தான் ஆபரேஷன் எவ்வளவு அவசரம், எவ்வளவு திரும்பி வரும்னு சொல்ல முடியும்."

"ஒரு மாசந்தாங்க," என்றான் கோட்டைச்சாமி.

"இல்ல சார், தீபாவளிக்கு விழுந்தாரு. அப்ப இருந்து," என்றாள் மல்லிகா.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் மடியில் மஞ்சள் பை இருந்தது. இரண்டு டைரிகளும் அதில். எதற்காக எடுத்துப் போனேன் என்று வீட்டை விட்டுக் கிளம்பும்போதே எனக்குத் தெரியும். ஆனால் கை போகவில்லை.

"என்கிட்ட எழுதி இருக்குங்க," என்றேன்.

"படிங்க."

"செப்டம்பர் ஒண்ணு. பதினெட்டு நிமிசம் பின்னால. அக்டோபர் ஆறு. இருபத்தாறு. நவம்பர் மூணு, முப்பத்து மூணு..."

"நிமிசம் மட்டும் இல்ல சார். எப்படி நடந்தார், வலி இருந்ததா, என்ன எழுதியிருக்கீங்களோ முழுசாப் படிங்க."

படித்தேன். கை துள்ளுகிறது என்று எழுதியதைப் படித்தேன். சரக் சரக் என்ற சத்தத்தைப் படித்தேன். புது மாப்பிள்ளை மாதிரி இழுக்காதே என்று சொன்னதை, உடைந்த நகத்தைப் பார்த்துச் சிரித்ததை, என்ன ஆச்சு என்று கேட்கவில்லை என்பதை, ஷூவோடு ஜெயிக்கத் தொடங்கியதை. நடுவில் நிறுத்தினேன். டாக்டர் காத்திருந்தார், நான் தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தையும் படித்தேன். ஜெயக்கொடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அஞ்சு மாசம்," என்று குறித்துக்கொண்டார் டாக்டர். "இனி தள்ளிப்போட முடியாது. அடுத்த வாரமே பண்ணிடுவோம். இதுக்கு மேல மோசமாகாம நிறுத்தலாம். போனது முழுசாத் திரும்புமான்னு உறுதியாச் சொல்ல மாட்டேன். ஒன்றரை மாசத்துக்குள்ள வந்திருந்தா நல்ல வாய்ப்பு இருந்தது."

"மலை ஏறலாமுங்களா?" என்று கேட்டான் கோட்டைச்சாமி.

"மாடிப்படி ஏறலாம்," என்றார்.

வெளியே வராந்தாவில் மல்லிகா என்னிடம் வந்தாள். "அத்தான், ஒவ்வொரு மாசமும் பாத்துருக்கீங்க. ஒரு வார்த்த என்கிட்ட சொல்லி இருக்கலாம்ல?" திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். நான் டாக்டர் இல்லை. ஆனால் ஒரு மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துகொண்டிருந்ததை நேரம் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். தெரியாதவன் எழுத மாட்டான். அவன் பின்தங்கியதில் எனக்குச் சந்தோஷம் இருந்தது, அதனால் கேட்கவில்லை. இதுதான் உண்மை.

பிப்ரவரி 2, ஞாயிறு

போகவில்லை.

பிப்ரவரி 5, புதன்

ஆபரேஷன் முடிந்தது. மூன்று மணி நேரம். நல்லபடியாக என்கிறார்கள்.

பிப்ரவரி 10, திங்கள்

காதுகுத்து. தேதியை மாற்ற மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கொள்ளவில்லை. பத்திரிகை அடித்தாயிற்றாம். கோட்டைச்சாமி இடத்தில் சீர்த்தட்டை நான் தூக்கினேன். வெண்கலத் தட்டு, வெற்றிலை, பழம், பிள்ளைக்குப் பட்டு, வெள்ளி அரைஞாண். மேளம் முன்னால், நான் அதற்குப் பின்னால். கோயில் வரைக்கும் நானூறு அடி இருக்கும். அவ்வளவு கனமான தட்டை என் ஆயுசில் தூக்கியதில்லை. வழியில் இரண்டு பேர், "கோட்டைச்சாமி எங்க?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

பிள்ளை ஒரே அழுகை. போட்டோ எடுத்து மல்லிகாவுக்கு அனுப்பினோம். ஆஸ்பத்திரியில் அதைக் காட்டியபோது, "தட்ட ஏன் இப்படிச் சாய்ச்சுப் பிடிச்சிருக்கான் இவன்?" என்றானாம். பதினாறு நாளில் என்னைப் பற்றி அவன் சொன்ன முதல் வார்த்தை.

பிப்ரவரி 19, புதன்

வீட்டுக்கு அழைத்து வந்தோம். பாதம் தொங்காமல் தாங்குவதற்கு முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக் பட்டை கொடுத்திருக்கிறார்கள். கைத்தடி. நான் தோளைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டான். பேசவில்லை, ஆனால் கையை எடுக்கவும் இல்லை.

திரும்பும்போது மல்லிகா ஒரு சாக்குப் பையைக் கையில் கொடுத்தாள். "இத எங்கயாவது போட்டுருங்க அத்தான். அவர் கண்ணுல படவேணாம்." என் ஷூ.

பிப்ரவரி 24, திங்கள்

இரண்டு ஜோடியையும் குழாயடியில் போட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். சோப்புப் பொடி, பிறகு நல்ல தண்ணீர், இரண்டு முறை. பள்ளங்களிலிருந்து கூகைமலைச் செம்மண் கரைந்து ஓடியது.

"தூக்கிப் போடுறத எவனாச்சும் குளிப்பாட்டுவானா?" என்று வந்த ஜெயக்கொடி, என் முகத்தைப் பார்த்துவிட்டு வாளியை நிரப்பிக் கொடுத்தாள்.

காய்ந்ததும் அருளப்பனிடம் கொண்டுபோனேன். தைக்க வேண்டாம், பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பச்சைக் கயிற்றை அறுத்து, அடிப்பாகத்தில் உளியைக் கொடுத்து நெம்பினார். நான் போட்ட ஒட்டு வரவே இல்லை. "யார் ஒட்டினது? கல்லு மாதிரி பிடிச்சிருக்கு," என்றார். ஆறு வருடம். எழுபது தடவையாவது ஏறியிருக்கும். என்னை ஒருமுறைகூட வழுக்கிவிட்டதில்லை. அவனையும் இது வழுக்கிவிடவில்லை. எல்லாப் பழியையும் அது சும்மா வாங்கிக்கொண்டது.

கடைசி ஷூ பிரியும் வரை நின்றேன். களைப்பாக இருந்தது. நடந்து வீடு வந்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

ஐந்து மணிக்கே விழித்துவிட்டேன். பேப்பரை இரண்டு தடவை படித்தேன். பத்து மணிக்கு வாசலில் ஆட்டோ. உள்ளே கோட்டைச்சாமி, கைத்தடியோடு. கூட மல்லிகா இல்லை.

"மொத ஞாயித்துக்கிழம. ஏன் மலைக்குப் போகல?"

"ஷூ இல்ல."

"ஏறு வண்டியில."

"எங்க?"

"ஏறுன்னா ஏறுய்யா. மல்லிகா வீட்டுக்கு வர்றதுக்குள்ள நான் திரும்பணும்."

கடைவீதியில் புதிதாகத் திறந்த செருப்புக் கடை. இரண்டு படி. அவன் தடியை ஊன்றி முதல் படி, நான் முழங்கையைப் பிடிக்க இரண்டாவது. ஏறிவிட்டு, நின்று மூச்சு விட்டான். கடைப் பையன்கள் எங்கள் இருவருக்கும் நாற்காலி போட்டார்கள்.

"மலை ஏறுற ஷூ காட்டுங்க. எட்டாம் நம்பர்," என்றான்.

விற்பனை செய்பவர் எங்களைப் பார்த்தார். இருவருடைய காலையும் பார்த்தார். பிளாஸ்டிக் பட்டை அவர் கண்ணில் படவில்லை, வேட்டி மறைத்திருந்தது.

"ரெண்டு பேருக்கும் எட்டா சார்? ரெண்டு ஜோடி எடுத்துரட்டுமா?"

கோட்டைச்சாமி வேட்டி நுனியைக் காலின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"இவருக்கு மட்டும்," என்றான்.

மாட்டிக்கொண்டேன். நாடாவை இறுக்கிக் கட்டினேன். நடந்து பாருங்கள் சார் என்றார் விற்பனையாளர். கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தேன். திரும்பி வரும்போது பார்த்தேன், கோட்டைச்சாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. தடியில் இரண்டு கையையும் வைத்து, முன்னால் சாய்ந்து, என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவ நட சகல," என்றான்.

நடந்தேன்.